சேந்தன்குளத்து ஏச்சு

சட்டமன்ற உறுப்பினராக இருந்த நான்கு வருடத்தில் என் முகத்தைப் பார்த்துப் பேசியவர்கள் ரொம்பக் குறைவு. எல்லோரும் என் இடது தோளைப் பார்த்துத்தான் பேசினார்கள். அங்கேதான் வில்லை இருந்தது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு, வெள்ளை நிறம். அதைக் குத்திக்கொள்ளாமல் எந்த உறுப்பினரும் விடுதி அறையைவிட்டு வெளியே வர முடியாது. குளிக்கவும் சாமி கும்பிடவும் சேர்த்து நாளைக்கு ஒரு மணி நேரம் கழற்றி வைக்கலாம். நான் சாமி கும்பிடுவதில்லை. அந்த நேரத்தையும் குளியலோடு சேர்த்துக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை, ஆலங்கோட்டையிலிருந்து வியாபாரிகள் சங்கத்தார் பதினொரு பேர் ரயிலேறிச் சென்னைக்கு வந்திருந்தார்கள். ஆலங்கோட்டை என் தொகுதியின் ஒரே நகரம். தலைவர் எனக்கு வணக்கம் சொன்னார். அதற்குப் பிறகு எல்லாமே வில்லைக்குத்தான்.

"கொஞ்சம் இப்படித் திரும்பி உக்காருங்க டாக்டரம்மா. பேசுதது சரியா விழணும்லா."

திரும்பி உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு, என் தோளோடு அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருடம் கால்நடை மருத்துவராக இருந்தவள். பெயர் தவமணி. அது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

எல்லாம் தராசு செய்த வேலை. முன்பெல்லாம் உறுப்பினர்கள் கட்சி சொன்னபடி வாக்களித்தார்கள், இல்லையென்றால் தங்கள் வசதிப்படி. கூட்டம் கூட்டமாகக் கட்சி மாறி, மலையோர விடுதிகளில் போய்ப் பதுங்கி ஆட்சியைக் கவிழ்த்த கூத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ஜனங்கள், கடைசியில் தராசு வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். தொகுதியில் யார் மனு கொடுத்தாலும், போனில் பேசினாலும், வில்லையிடம் முறையிட்டாலும் அந்த இயந்திரம் அதைக் கேட்டு எடைபோடும். வாக்கெடுப்பு நாளில் என் மேசையில் இரண்டு பொத்தான்களில் ஒன்றுக்கு மட்டும் விளக்கு எரியும். எரிகிற பொத்தானை நான் அழுத்த வேண்டும். நான் அழுத்தாவிட்டால் முப்பது வினாடியில் அதுவாகவே அழுந்திக்கொள்ளும்.

அன்று மதியம் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் மசோதா. வரைவில் மயக்க மருந்தின் அளவே தப்பாக இருந்தது. எழுந்து சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். என் மேசையில் 'ஆம்' விளக்கு எரிந்தது. அழுத்தினேன். அறைக்கு வந்து என் உதவியாளர் இருதயராஜிடம், "ஒரு குரங்கைப் பிடித்து உட்கார வைத்தால்கூட விளக்கைப் பார்த்து அழுத்திவிடும்" என்றேன். அவர் வழக்கம்போல டீயைக் கையில் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை நிரலை எடுத்து நீட்டினார்.

வெள்ளிக்கிழமை, தண்ணீர் மசோதா. கிராமத்துக் குளங்களையெல்லாம் ஒரே வாரியத்தின் கையில் கொடுத்து, அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாக நகரங்களுக்கும் ஆலைகளுக்கும் கொண்டுபோகிற திட்டம். மசோதா நிறைவேறிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் ஒரு உட்பிரிவு இருந்தது: எந்தத் தொகுதியின் வாக்கு 'இல்லை' என்று விழுகிறதோ, அந்தத் தொகுதிக் குளங்களை வாரியம் பத்து வருடத்துக்குத் தொடக் கூடாது.

என் தொகுதியில் இருந்தது ஒரே ஒரு பெரிய குளம். சேந்தன்குளம். அதை நம்பி ஐந்து ஊர். அன்றைக்குத் தராசு காட்டியது, ஆதரவு ஐம்பத்து மூன்று விழுக்காடு, எதிர்ப்பு நாற்பத்தேழு.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். சேந்தன்குளத்து ஆவுடையம்மாள் நின்றாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், இரண்டு ஏக்கர் நெல்லும் ஐந்து மாடும் வைத்திருப்பவள். அவள் பின்னால் கையில் ரெக்சின் பையோடு அனஞ்சபெருமாள் அண்ணாச்சி. தாலுகா ஆபீஸ் வாசலில் நாற்பது வருடமாக மனு எழுதிக் கொடுப்பவர்.

"டாக்டரம்மா, அஞ்சு ஊரும் மனு அனுப்பியாச்சு. ஒரு வீடு விடல" என்றாள் ஆவுடையம்மாள். "ஆனா எதிர்ப்பு கூடவே மாட்டேங்கே. நாங்க அனுப்புததுக்கு முந்தி என்ன இருந்துச்சோ அதான் இப்பவும் இருக்கு. தண்ணி போச்சுன்னா நாங்க எங்கன போவோம்? மாட்டைப் பிடிச்சிக்கிட்டு ரோட்டுலயா நிக்க முடியும்?"

அவளும் என் தோளிடம்தான் கேட்டாள்.

விடுதியின் மூன்றாவது மாடியில் எடைப் பிரிவு. தராசைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி நறுமுகை, முப்பது வயதுகூட இருக்காது. நல்ல பெண். எதையும் மறைக்கத் தெரியாத பெண். திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"மொத்தம் ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு மனு மேடம். எல்லாம் ஒழுங்கா வந்து சேர்ந்திருக்கு."

"பிறகு ஏன் எடையில் ஏறவில்லை?"

"ஏறியிருக்கு மேடம். ஒண்ணு."

"ஒண்ணா?"

"எல்லாம் ஒரே மனு. 'தங்கள் மேலான சமூகத்துக்குப் பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்ளும் விண்ணப்பம்'னு ஆரம்பிக்குது. கடைசி வரி வரைக்கும் ஒரு வார்த்தை மாறல. பேரும் கையெழுத்தும்தான் வேற. ஒரே ஆள் பல பேர்ல அனுப்பினா எப்படி இருக்குமோ அப்படி இருக்கு. தராசு நகல்னு ஒதுக்கிடும்."

அனஞ்சபெருமாள் அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "நகலா? ஒவ்வொண்ணும் என் கையால எழுதுனது தாயி. அப்படி எழுதினாத்தான் அதிகாரி படிப்பாவ. நாப்பது வருஷத்துல என் மனு ஒண்ணாவது வாசகம் சரியில்லன்னு திரும்பி வந்திருக்கா, கேட்டுப் பாருங்க."

"வாசகம் ரொம்ப நல்லா இருக்குங்க ஐயா" என்றாள் நறுமுகை. "அதுதான் பிரச்சினை."

"இப்படி ஒரு கோட்டித்தனமான விதியை எவன் போட்டான்?" என்றேன்.

நறுமுகை திரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "மூணு வருஷம் முன்னாடி வந்த திருத்தம் மேடம். நீங்கதான் முன்மொழிஞ்சீங்க."

வாஸ்தவம். ஆலங்கோட்டையில் கால்நடை ஆஸ்பத்திரி கட்ட நான் கேட்டபோது, எதிர்த்தரப்பு கணினியை வைத்து ஒரே ராத்திரியில் பதினெட்டாயிரம் கள்ள மனுக்களைத் தயாரித்து அனுப்பியிருந்தது. கோபத்தில் எழுந்து பேசினேன். ஒரே பேச்சை ஆயிரம் வாய் பேசினாலும் அது ஒரே குரல்தான் என்றேன். மேசையைத் தட்டினார்கள். சட்டமன்றத்தில் எனக்காக மேசையைத் தட்டியது அந்த ஒரு தடவைதான், பாழாய்ப்போன அந்தப் பேச்சுக்குத்தான்.

"சரி, இப்போ என்ன செய்யலாம்?"

"வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு. எழுத வேண்டாம். ஒவ்வொருத்தரும் போன்ல கூப்பிட்டு, அவங்கவங்க வார்த்தையில பேசினாப் போதும். தராசு தனிக் குரலா எடுத்துக்கும்."

இவ்வளவுதானா என்று எனக்கு உயிர் வந்தது. அன்றைக்கே ஐந்து ஊருக்கும் சொல்லி அனுப்பினோம். புதன்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. இருதயராஜ் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"மாண்புமிகு உறுப்பினர் அவர்களின் மேலான சமூகத்துக்கு, சேந்தன்குளம் கீழத் தெருவில் வசிக்கும் அடியேன் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்..."

அடுத்த ஆள். "மாண்புமிகு உறுப்பினர் அவர்களின் மேலான சமூகத்துக்கு, சேந்தன்குளம் மேலத் தெருவில் வசிக்கும் அடியேன்..."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடி, ஒவ்வொருவரும் சரியாகச் சொல்கிறார்களா என்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் ஏதாவது செய்தீர்களா அண்ணாச்சி?"

"எல்லாருக்கும் வாய்ல வரணும்லா. அதான் ஊர் குரூப்புல பேசி அனுப்பிச்சேன். மனப்பாடம் பண்ண லேசா, சுருக்கமா." அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

மதியத்துக்குள் அறுநூறு அழைப்பு. தராசில் ஒன்று ஏறியது. ஒன்றாக இருந்தது இரண்டாயிற்று.

கத்தினேன். அவரைப் பார்த்துக் கத்தினேன், இருதயராஜைப் பார்த்துக் கத்தினேன், மின்விசிறியைப் பார்த்துக்கூடக் கத்தினேன். பிறகு நானே போனை எடுத்து ஒரு பெரியவரிடம் பேசினேன்.

"தாத்தா, மனுவை விடுங்க. குளத்துத் தண்ணி போயிட்டா ஒங்களுக்கு என்ன ஆகும்? அதை மட்டும் சொல்லுங்க."

"மேற்படி குளம் வறண்டுபோகும் பட்சத்தில்..."

"மேற்படி வேண்டாம் தாத்தா."

கொஞ்சம் யோசித்தார். "மேற்கண்ட குளம் வறண்டுபோகும் பட்சத்தில்..." என்றார்.

ஆவுடையம்மாளை என் முன்னால் நிறுத்திப் பேசச் சொன்னேன். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, வில்லையைப் பார்த்து, "ஐயா" என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

"முடியல டாக்டரம்மா. வீட்டுல பேசுத பேச்சு வேற, சர்க்காருகிட்ட பேசுத பேச்சு வேறல்லா. வீட்டுப் பேச்சை இங்கன பேசினா கோட்டிக்காரின்னு நெனச்சு ஒதுக்கிருவாவ. எங்க ஐயா காலத்துலேருந்து அப்படித்தான். சர்க்காருக்கு அண்ணாச்சி பேச்சுதான்."

நகரத்துக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. பல் தேய்த்துக்கொண்டே கூப்பிட்டுப் பேசினார்கள். ஒருவர் எரிச்சலில், "தண்ணி வந்தாச் சரி, என்னவும் பண்ணித் தொலைங்க" என்று சொன்னதைத் தராசு அழகாக ஆதரவில் ஏற்றியிருந்தது. காசு கொடுத்துக் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளக்கூடியவன் அலட்சியமாகச் சொன்னது ஒரு குரல். குளம் போனால் ஊரே போய்விடும் என்கிறவர்கள் பயபக்தியோடு சொன்னது குரலே இல்லை. எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, வில்லை இருந்தது.

சாயங்காலம் நான்கு மணி இருக்கும். வராந்தாவில் ஆவுடையம்மாளின் சத்தம் கேட்டது. ஊரிலிருந்து போன். பக்கத்து வயல்காரன் இவள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து வாய்க்காலைத் திருப்பிக்கொண்டானாம். அவனையே போனுக்குக் கூப்பிடச் சொல்லி ஏச ஆரம்பித்தாள். அவன் வாய்க்காலை ஏசினாள், மண்வெட்டியை ஏசினாள், அவன் கல்யாணத்தில் இவள் வீட்டுப் பாயை இரவல் வாங்கிப் படுத்ததை இழுத்தாள், அவன் மாட்டின் குணத்தை இழுத்தாள். பத்து நிமிஷம். சொன்ன வார்த்தை எதையும் திரும்பச் சொல்லவில்லை.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். கன்று செத்துப்போனாலும், ஊசி போட்ட மாடு முட்டினாலும், தொழுவத்தில் நின்று என்னை ஏசாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. இருபத்தாறு வருடத்தில் ஒரே ஏச்சை நான் இரண்டு தடவை வாங்கியதில்லை.

வியாழக்கிழமை காலை, குளிக்கிற நேரத்தில் வில்லையைக் கழற்றி ஃபிரிட்ஜுக்குள் வைத்து மூடினேன். குழாயைத் திறந்துவிட்டு, ஐந்து ஊரையும் என்னை ஏச வைக்கப்போவதை இருதயராஜிடம் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாம் மேடம். ஜனங்களை ஏமாத்தித் தூண்டிவிட்டதுன்னு தெரிஞ்சா அத்தனை குரலும் செல்லாது. அஞ்சு வருஷத்துக்குள்ள எப்பத் தெரிஞ்சாலும் செல்லாது. குளத்தை எடுத்துக்கிடுவாங்க."

"தெரிந்தால்தானே?"

"அப்படின்னா அந்த ஜனங்ககிட்டயும் சொல்ல முடியாது. ஆவுடையம்மாகிட்டகூட. நீங்க நிஜமாவே குளத்தை விட்டுக்கொடுத்தீங்கன்னுதான் அவங்க நினைச்சுட்டு இருக்கணும்."

"அதுவும் தெரியும்."

"ஒவ்வொரு ஏச்சும் தராசுல இருக்கிற உங்க நம்பிக்கை எண்ணையும் கீழ இழுக்கும் மேடம். இப்ப நாப்பத்து நாலு. முப்பதுக்குக் கீழ போனா இந்தக் கூட்டத்தொடர் முடிஞ்சதும் பதவி போயிரும், மறுதேர்தல்."

"வேறு வழி ஏதாவது இருந்தால் சொல்லு ராஜு, இப்போதே கேட்கிறேன்."

அவர் குழாயை மூடினார்.

ஒன்பது மணிக்கு, வில்லையைக் குத்திக்கொண்டு ஐந்து ஊருக்கும் பேசினேன். உறுப்பினர் செய்தி என்று எல்லார் போனிலும் அது போகும். தண்ணீர் மசோதாவை மனமார ஆதரிக்கிறேன் என்றேன். குளத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் நீங்கள் என்ன சாதித்துவிட்டீர்கள், பாசிதான் வளர்த்தீர்கள் என்றேன். இருதயராஜ் எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான். போதாது என்று தோன்றியது. "மாட்டை விற்றுவிட்டு வேறு பிழைப்பைப் பாருங்கள். உங்கள் கண்ணீரைக் கேட்க எனக்கு நேரமில்லை" என்று நானே சேர்த்தேன்.

கீழே பார்வையாளர் கூடத்தில் அண்ணாச்சியின் போனில் ஆவுடையம்மாள் அதைக் கேட்டிருக்கிறாள். லிஃப்டுக்குக் காத்திராமல் நாலு மாடி ஏறி வந்தாள். வில்லையை அவள் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"ஏ மாட்டு டாக்டரு. எந் தொழுவத்துல முட்டங்கால் போட்டு உக்காந்து, கன்னுக்குட்டியை இழுத்துப் போட்டவ நீ. அந்தக் கையைக் கழுவ வெந்நி ஊத்துனது நானு. அந்தக் கையாலயா எங்க மடையை அடைக்கப் போற? மாட்டை விக்கச் சொல்லுதியே, வித்துட்டு எவன் வாசல்ல நிக்கச் சொல்லுத? நீ பெத்திருந்தாத்தானே வயிறு காயுதது ஒனக்குத் தெரியும். ஒனக்கு ஓட்டுப் போட்ட விரலை வெட்டணும். ஏறி வந்த படியில இறங்கும்போது ஒனக்கு ஒரு கை குடுக்க ஆளு இருக்காது பாத்துக்க."

எனக்குப் பிள்ளை இல்லாததை அதுவரை எங்கள் தொகுதியில் யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசி முடிச்சாச்சுன்னா கிளம்புங்க" என்றேன்.

அவள் போனதுமே போன் அடிக்கத் தொடங்கியது. பிறகு அது நிற்கவேயில்லை. 'மேலான சமூகம்' எங்கே போயிற்றோ தெரியவில்லை. என் அப்பா பெயரைச் சொல்லி ஏசினார்கள். நான் உறுப்பினரான பிறகு வாங்கிய காரைச் சொல்லி ஏசினார்கள். ஒரு பெண், நான் அவள் ஆட்டுக்குக் கொடுத்த பூச்சி மருந்து என் வயிற்றில் இறங்க வேண்டும் என்றாள். மேற்படித் தாத்தா மேற்படியைவிட்டு, அவர் வயலின் ஒவ்வொரு வரப்பையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதன்மேல் என்னைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும் என்றார். ஏச்சின் நடுவில்தான் எல்லாம் வந்தது. எந்த மடையில் எத்தனை வயல், கோடையில் எந்தக் கிணறு குளத்தால் ஊறுகிறது, குளம் வற்றிய வருடம் யார் வீட்டுப் பெண் திருப்பூருக்குப் போய்த் திரும்பி வரவில்லை என்று. எந்த மனுவிலும் அதெல்லாம் இருந்ததில்லை. நான் எல்லாவற்றையும் கேட்டேன். ஒலிபெருக்கியை அணைத்துவிடலாம் என்று இருதயராஜ் இரண்டு முறை சொன்னார்.

மூன்று மணிக்கு மேல் அண்ணாச்சி கூப்பிட்டார். கீழே கூடத்திலிருந்துதான். "நாப்பது வருஷம்..." என்றார். "போம்மா" என்று வைத்துவிட்டார். தராசு அதையும் ஒரு குரலாக எடுத்துக்கொண்டது.

ஆறு மணிக்கு எடை நின்றது. ஆதரவு நாற்பத்தொன்பது, எதிர்ப்பு ஐம்பத்தொன்று. என் நம்பிக்கை எண் பத்தொன்பது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு நறுமுகை வந்தாள். கையில் பதிவுக் கருவி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒரே நாள்ல அஞ்சு ஊர்லேருந்து ரெண்டாயிரம் குரலுக்கு மேல வந்திருக்கு மேடம். அதுக்கு முன்னாடி உங்க செய்தி போயிருக்கு. விதிப்படி நான் ஒரு கேள்வி கேக்கணும். உங்க பதில் தொகுதி முழுக்கப் போகும்."

"கேள்."

"நேத்து நீங்க சொன்னது உங்க உண்மையான கருத்தா? இல்ல, அவங்களைப் பேச வைக்கிறதுக்காகச் சொன்னதா?"

இருதயராஜ் தரையைப் பார்த்தார். இந்த ஒரு பதிலில்தான் குளம் இருந்தது. அரசியலில் பொய் சொல்வது சிரமமில்லை என்பார்கள். நல்லவள் என்று காட்டிக்கொள்ளச் சொல்கிற பொய் சிரமமில்லை. இது அப்படி இல்லை.

"உண்மையான கருத்துதான்."

"குளத்தை வாரியத்துக்குக் கொடுக்கணும்னுதான் நினைச்சீங்க?"

"ஆமாம்."

"இப்பவும்?"

"இப்போதும்தான். ஆனால் தராசு இல்லை என்கிறதே, நான் என்ன செய்ய முடியும். எரிகிற விளக்கைத்தானே அழுத்த முடியும்."

நறுமுகை கருவியை அணைத்தாள். ஏதோ சொல்ல வந்தாள். மேசைமேல் இருந்த தண்ணீரை என் பக்கம் நகர்த்தி, "குடிங்க மேடம், தொண்டை கட்டியிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பதினொன்றரைக்கு வாக்கெடுப்பு. என் மேசையில் 'இல்லை' எரிந்தது. அழுத்தினேன். மசோதா நிறைவேறியது. பத்து வருடத்துக்குத் தொடக் கூடாத குளங்களின் பட்டியலில் சேந்தன்குளம் இருந்தது. விடுதிக்குத் திரும்பியபோது ஆவுடையம்மாளும் அண்ணாச்சியும் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தார்கள்.

மூன்று மாதத்தில் மறுதேர்தல் வந்தது. நின்றேன். டெபாசிட் போயிற்று. ஐந்து ஊர்ப் பெட்டிகளிலும் சேர்த்து எனக்கு விழுந்தது நான்கு வாக்கு. அந்த நான்கு பேர் யார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆலங்கோட்டையில் பழையபடி மருத்துவத்துக்கு உட்கார்ந்தேன். சேந்தன்குளத்திலிருந்து ஒரு கோழிகூட என்னிடம் வரவில்லை. பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேறொரு டாக்டரிடம் போனார்கள். ஒருமுறை இடுப்பு பிசகிய பசுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு என் வாசல் வழியாகவே அங்கே போனார்கள். அந்தப் பசு அவ்வளவு தூரம் தாங்காது என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. வாசலில் நின்று கூப்பிட்டேன். வண்டியோட்டி காறித் துப்பிவிட்டுப் போனான். பசு வழியிலேயே செத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில், போய் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிடலாமா என்று செருப்பை மாட்டிவிட்டேன். இன்னும் இரண்டரை வருடம் பாக்கி இருந்தது. கழற்றிப் போட்டேன்.

போன மாதம் ஐந்து வருடம் முடிந்தது. இனி எதைச் சொன்னாலும் அந்த வாக்கு செல்லாமல் போகாது. மறுநாள் காலையே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சேந்தன்குளம் போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

குளம் நிறைந்து கிடந்தது. படித்துறையில் ஆவுடையம்மாள் துணி அலசிக்கொண்டிருந்தாள், கூடப் பத்துப் பன்னிரண்டு பெண்கள். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எல்லார் கையும் நின்றது.

"என்ன இந்தப் பக்கம்?" என்றாள்.

"சும்மாதான்க்கா. ஒரு விஷயம் சொல்லணும்னு வந்தேன். அண்ணாச்சி எப்படி இருக்காவ?"

"மனு எழுதுததை விட்டுட்டாவ. எவன் போய்க் கேட்டாலும் ஒனக்கு வாயி இல்லையா, நீயே போயிச் சொல்லுங்காவ." சேலையைப் பிழிந்தாள். "இப்ப நாங்க யாருகிட்டயும் எழுதிக் குடுக்குததில்ல. போன வருஷம் குளத்துக்கரையில குப்பைக் கிடங்கு வைக்கேன்னு ஒரு பெரிய அதிகாரி வந்தாரு. நேருக்கு நேரா நின்னு கேட்டோம். ரெண்டு மணி நேரம். கிளம்பிட்டாரு. நேத்துக் கல்யாணமாகி வந்த பிள்ளைகூட எந்திரிச்சுக் கேக்கா."

"நாமதான் எம்மெல்லேயையே கையை மாத்த வச்சோம்லா" என்றாள் பின்னால் இருந்து ஒரு இளம்பெண். அவளுக்கு நான் யார் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. மற்றவர்கள் அவளை இடித்தார்கள்.

ஆவுடையம்மாள் துணியைக் கல்லில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அவ சொல்லுதது சரிதானே. ஒங்கிட்டயே கேக்கேன். அன்னைக்கு நாங்க ஏசலைன்னா நீ இந்தக் குளத்தைக் குடுத்திருப்பேல்லா?"

சொல்ல வந்தது முழுக்க நாக்கில் இருந்தது. அக்கா, உங்களை ஏச வைத்ததே நான்தான். தொழுவத்து மாட்டை வாலை முறுக்கி எழுப்புவதுபோல உங்களை எழுப்பினேன். அதற்காக என் வேலையைக் கொடுத்தேன், பெயரைக் கொடுத்தேன். ஐந்து வருடம் உங்கள் துப்பலை வாங்கிக்கொண்டேன். அவ்வளவையும் அந்தப் படித்துறையில் கொட்டிவிட எனக்கு ஒரு நிமிஷம் போதும். பிறகு குப்பைக் கிடங்குக்காரன் திரும்பி வந்தால், இவர்கள் எழுந்து கேட்பதற்கு முன்னால் யாரோ வாலை முறுக்குகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார்கள். அந்த இளம்பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா" என்றேன். "குடுத்திருப்பேன்."

ஆவுடையம்மாள் மற்றவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டியளா. அவ வாயாலயே வந்துட்டு" என்றாள். யாரோ சிரித்தார்கள். ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

"நில்லு" என்றாள். "ஏதோ சொல்லணும்னு வந்தியே?"

"அதான்க்கா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"தப்பை ஒத்துக்கிட எவனும் இம்புட்டுத் தூரம் வர மாட்டான். நீ வந்துட்ட. அதோட விட்டுருவோம்" என்றாள். "எங் கிடேரிக்கு மூணு தடவை ஊசி போட்டும் சினை நிக்கல. நாளைக்குக் காலையில வந்து பாரு."

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வரும் வழியில் எரிச்சலும் அழுகையும் மாறி மாறி வந்தன. மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.